ஒற்றைச் சிகரெட்டும் புதிய மசோதாவும்: டர்பனில் தொடங்கிய ஒரு விவாதம்

டீரூம் மகள், சாட்ஸ்வர்த் | 9 ஜூன் 2025, இரவு 8.15

அப்பா டர்பனின் சாட்ஸ்வர்த்தில் முப்பது ஆண்டுகள் டீரூம், அதாவது தெருமுனைக் கடை, நடத்தினார். ரொட்டி, பால், மண்ணெண்ணெய், மிட்டாய்ப் புட்டிகள். கல்லாவுக்கு அருகே ஒரு பித்தளை டம்ளரில், பெட்டியைப் பிரித்துப் போட்ட சிகரெட்டுகள் நிற்கும். பக்கத்தில் நூலில் கட்டிய லைட்டர் தொங்கும். பள்ளி விட்டதும் கல்லாவில் உட்கார்வது என் வேலை. சீருடையோடு வந்து ‘ஒன்று கொடு’ என்று கேட்ட பையன்களுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இருவர் என் வகுப்பில் படித்தவர்கள். அப்பாவும் அதே டம்ளரிலிருந்துதான் எடுத்துப் புகைப்பார். கடைசி நான்கு ஆண்டுகள் அவர் படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போய்வர அரை மணி நேரம் ஆனது. நடைவழியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தோம், பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள.

இப்போது தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் புகையிலை, மின்சிகரெட் கட்டுப்பாட்டு மசோதா கிடக்கிறது. வரைவு வெளிவந்தது 2018இல். நாடாளுமன்றத்தில் அறிமுகமானது 2022 டிசம்பரில். மாகாணம் மாகாணமாகக் கருத்துக் கேட்டார்கள், நடுவில் ஒரு தேர்தல் போனது, இன்னும் சுகாதாரக் குழுவின் மேசையில்தான் இருக்கிறது. மசோதா நிறைவேறினால், உணவகங்களில் கால் பங்கு இடத்தைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கலாம் என்ற இன்றைய விதி போய்விடும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நிறத்தில், நோயின் படத்தோடு வரும். கடையில் பார்வைக்கு வைக்கக் கூடாது. வேப் கருவிகளும் சட்டத்துக்குள் வரும்.

நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் என் தெருவில் பெட்டியாக வாங்குபவர் யார்? படம் பெட்டியில் இருக்கிறது, பையன் வாங்குவது ஒற்றைச் சிகரெட். அவன் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டான். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கை, 16ஆம் பிரிவில், ஒற்றையாக விற்பதைத் தடுக்க முயல வேண்டும் என்கிறது. நம் நாடு அதில் 2003இல் கையெழுத்திட்டு, 2005இல் உறுதி செய்தது. இருபது ஆண்டுகள் ஆயின. இதைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை என்பதுதான் என் கேள்வி.


ஃபீனிக்ஸ் கடைக்காரர், டர்பன் | 9 ஜூன், இரவு 9.40

தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். நானும் கடைக்காரன், நானும் புகைப்பவன். அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஒற்றைச் சிகரெட்டில் எனக்குக் கிடைக்கும் லாபம் சிறியது. ஆனால் அதை வாங்க வருபவர்தான் அரை ரொட்டியும் ஒரு பாக்கெட் பாலும் வாங்குகிறார். நான் நிறுத்தினால் அவர் விடமாட்டார், எதிர்ச்சாரியில் வேன் நிறுத்தி விற்பவரிடம் போவார். எனக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது, உரிமம் இருக்கிறது, அதனால் அதிகாரி என்னிடம் வருவார். வேனுக்கு யார் போவார்கள்? இந்த நாட்டில் சட்டம் எப்போதும் பலகை வைத்திருப்பவன் மீதுதான் விழுகிறது. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்பது 2009 முதல் விதி. எங்கள் வட்டாரத்தில் எத்தனை பேர் பிடிபட்டார்கள்? கையில் இருக்கும் சட்டத்தை நடத்தாமல் இன்னொரு சட்டம் எதற்கு?


வரிக்கணக்கு, ஜோகன்னஸ்பர்க் | 10 ஜூன், காலை 6.50

கடைக்காரர் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதிலிருந்து ‘சட்டமே பயனில்லை’ என்ற முடிவுக்கு வர முடியாது. நம் நாட்டின் வரலாறே அதற்கு எதிராக நிற்கிறது.

1994இல் புதிய அரசு வந்ததும், சிகரெட் விலையில் பாதி வரியாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பத்தே ஆண்டுகளில், பணவீக்கத்தைக் கழித்த பிறகும், விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது. விற்பனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வரி வருமானமோ கூடியது. கூடவே 1999இல் டாக்டர் இன்கோசாசானா டிளாமினி சூமா சுகாதார அமைச்சராக இருந்தபோது விளம்பரத்தைத் தடைசெய்தார்கள். வளரும் நாடுகளுக்கெல்லாம் தென்னாப்பிரிக்காவை உதாரணமாகக் காட்டிய காலம் அது.

பிறகு ஏன் அந்த நிலை சரிந்து கள்ளச் சிகரெட் பெருகியது? வரியை ஏற்றியதால் என்று சிகரெட் நிறுவனங்கள் சொல்கின்றன. காலவரிசை அதற்குப் பொருந்தவில்லை. கள்ளச் சிகரெட் பெருகிய ஆண்டுகளில் வரி உண்மையில் மெதுவாகத்தான் ஏறியது. அந்த ஆண்டுகளில் உடைந்தது வருவாய்த் துறை. வருவாய்த் துறையை விசாரித்த நீதிபதி நுஜெண்ட் ஆணையம் 2018 டிசம்பரில் கொடுத்த இறுதி அறிக்கையைப் படியுங்கள். கள்ளப் புகையிலையைத் தொடர்ந்துகொண்டிருந்த பிரிவுகளை எப்படிக் கலைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் குறியிட்டுத் தொடரும் முறைக்கு 2019இல் டெண்டர் கேட்டார்கள், 2020இல் ரத்து செய்தார்கள். கள்ளச் சிகரெட்டில் பெரும் பங்கு எல்லை தாண்டி வரும் சரக்கும் அல்ல. உள்நாட்டிலேயே, உரிமம் பெற்ற ஆலைகளிலேயே செய்து கணக்கில் காட்டாமல் வெளியேறுவது.

ஒரு எளிய கணக்கைச் சொல்கிறேன், எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 நிதியாண்டில் 20 சிகரெட் உள்ள பெட்டிக்குக் கலால் வரி 22 ராண்ட் 81 சென்ட். அதன் மேல் 15 சதவீத வாட். வரி மட்டுமே 26 ராண்ட் 23 சென்ட். அதற்குக் கீழே ஒரு பெட்டி விற்றால், புகையிலையும் தாளும் இலவசமாகக் கிடைத்திருந்தால்கூட அந்த விலைக்கு விற்க முடியாது. வரி கட்டவில்லை என்று அந்த விலையே சொல்லிவிடுகிறது.


ஜகரண்டா, பிரிட்டோரியா | 10 ஜூன், பகல் 12.20

எல்லோரும் 2020ஐ மறந்துவிட்டீர்களா? கொரோனா ஊரடங்கில் மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை சிகரெட் விற்பனையே சட்டவிரோதம். நான் அப்போது நாளைக்குப் பத்து சிகரெட் புகைத்தேன். ஒருநாள்கூட கிடைக்காமல் இருந்ததில்லை. ஒரு சிகரெட்டுக்குப் பத்து ராண்ட் கொடுத்தேன், அவ்வளவுதான். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களே, புகைப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் தடைக்காலத்திலும் வாங்கினார்கள் என்று எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. வயது வந்த ஒருவன் தன் வீட்டில் எதைச் செய்கிறான் என்பதில் அரசுக்கு என்ன வேலை?

இன்னொன்று. தடைக்காலத்தில் கள்ள வியாபாரிகள் பழகிய வழி தடை நீங்கிய பிறகும் மூடப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம் கள்ளச் சந்தைக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. புதிய மசோதாவும் அதையே செய்யும் என்று அஞ்சுகிறேன்.


வரிக்கணக்கு | 10 ஜூன், இரவு 7.05

2020 தடை தவறு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் முழுத் தடையும் கட்டுப்பாடும் ஒன்றல்ல. விற்கவே கூடாது என்பது வேறு, எங்கே, யாருக்கு, எந்தப் பெட்டியில் என்பது வேறு. மசோதா எந்த வயது வந்தவரிடமிருந்தும் சிகரெட்டைப் பறிக்கவில்லை.

அந்த ஆய்வையும் அதன் எல்லையோடு படிக்க வேண்டும். ஊரடங்கில் இணையம் வழியாக நடத்திய கணிப்பு அது. முதல் சுற்றில் 16,000 பேருக்கு மேல் பதில் அளித்தார்கள். எண்ணிக்கை பெரியதுதான், ஆனால் தாமாக முன்வந்து நிரப்பியவர்கள். கோபத்தில் இருப்பவர் நிரப்புவார், கைப்பேசியில் டேட்டா இல்லாதவர் நிரப்ப மாட்டார். ஆய்வாளர்கள் அதற்கு எடையிட்டுச் சரிசெய்தார்கள். தடை பிசுபிசுத்தது என்ற முடிவை நான் நம்புகிறேன். சதவீதத்தைக் கல்வெட்டாகக் கொள்ள மாட்டேன்.


இரவுப் பணித் தாதி, டர்பன் | 11 ஜூன், காலை 5.30

பணி முடிந்து வந்து இதைப் படிக்கிறேன். ‘தன் வீட்டில் செய்கிறான்’ என்று ஜகரண்டா எழுதியது என்னைத் தூங்க விடவில்லை. அவர் வீட்டில் செய்தது எங்கள் வார்டில்தான் வந்து முடிகிறது. மூச்சுக்குழாய் சுருங்கிய ஒருவர் இரவு மூன்று மணிக்குப் படுக்க முடியாமல், கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்தபடி விடியும்வரை இருப்பதைப் பார்த்தவர்கள் இதை வெறும் சுதந்திரப் பிரச்சினையாகப் பேச மாட்டார்கள்.

‘என் தாத்தா 90 வயது வரை புகைத்தார்’ என்று நோயாளிகளின் மகன்கள் சொல்வார்கள். பிரிட்டனில் டாக்டர்களையே ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு 2004இல் வெளியானது. தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். 60 வயதில் விட்டால் மூன்று ஆண்டு திரும்பக் கிடைக்கிறது, 50இல் ஆறு, 40இல் ஒன்பது. கடைக்காரர் அண்ணா, உங்கள் வயது தெரியாது. எந்த வயதானாலும் உங்கள் கணக்கில் வரவு இருக்கிறது.

இன்னொரு விஷயம், நம்மவர்கள் பேசத் தயங்குவது. வெற்றிலை பாக்கு. டர்பன் இந்தியர்களிடம் பாக்கு மெல்லும் பழக்கத்தையும், அதனால் வாய் இறுகிப்போகும் நோயையும், வாய்ப் புற்றுநோயையும் 1980களிலும் 90களிலும் இங்கேயே ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். பெரும்பாலும் புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மென்றவர்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதியாக வெளியிட்டது. என் ஆயா கிரே தெருவில் வாங்கிவந்து முடிச்சுப்போட்டு வைத்திருந்த பாக்கு அது. வாயில் ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்குத் திறக்கும் பெண்களை இன்றும் பார்க்கிறேன். புகையிலைச் சட்டம் வெறும் பாக்கைத் தொடாது. அதற்கு யார் எழுதுவது?


மாரிட்ஸ்பர்க் பெரியவர் | 11 ஜூன், காலை 10.10

எனக்கு 78 வயது. கூலி ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த நம் முன்னோர்கள் நேட்டாலில் காய்கறியோடு புகையிலையும் பயிரிட்டார்கள். என் தாத்தா இலையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்ட வீட்டில்தான் பிறந்தேன். ஆகவே புகையிலை நமக்கு வெளியிலிருந்து வந்ததென்று சொல்லிவிட முடியாது. முனீஸ்வரன் பூசையில் சுருட்டு வைக்கிறோம். அதை நான் குறை சொல்லவில்லை, தெய்வத்தின் தட்டு அது. ஆனால் பூசை முடிந்ததும் அந்தச் சுருட்டையும் சிகரெட்டையும் இளைஞர்கள் பங்கிட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. முதல் சிகரெட்டை நான் அப்படித்தான் பிடித்தேன், 14 வயதில்.

புரட்டாசி வந்தால் நம்மில் பாதிப் பேர் மீனையும் இறைச்சியையும் ஒரு மாதம் விடுகிறோம். தனிப் பாத்திரம் வைக்கிறோம். காவடிக்கு விரதம் இருப்பவர் பத்து நாள் சிகரெட்டைத் தொடுவதில்லை, பதினோராம் நாள் காலையில் பற்றவைக்கிறார். பத்து நாளைத் தாண்டியவருக்கு மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லுவதில்லை. கோயில் கமிட்டிகள் இதைச் சொல்லலாமே.


இரவுப் பணித் தாதி | 11 ஜூன், பகல் 2.45

பெரியவர் ஐயா எழுதியது மருத்துவப்படியும் சரி. நிகோடின் விட்ட முதல் மூன்று நாட்கள் மிக மோசம். இரண்டு, மூன்று வாரங்களில் உடலின் தவிப்பு பெரிதும் அடங்கிவிடும். மீதி இருப்பது பழக்கமும் சூழலும்.


போர்ட் லூயி வாசகர், மொரீஷியஸ் | 11 ஜூன், மாலை 6.30

கடல் தாண்டி ஒரு குறிப்பு. எங்கள் தீவில் ஒற்றைச் சிகரெட் விற்பதை 2008 விதிகளே தடுத்துவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க வட்டாரத்தில் முதன்முதலில் பெட்டியில் படம் போட்டதும் நாங்கள்தான், 2009இல். 2023 மே 31 முதல் எல்லாப் பெட்டியும் ஒரே நிறம், அதிலும் இந்தக் கண்டத்தில் முதலாவது. கடைக்காரர்கள் மூடிவிடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும், தெரிந்த முகத்துக்கு மேசைக்கு அடியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுக்கும் கடை இங்கேயும் உண்டு. ஆனால் அது அடியில் போய்விட்டது. மிட்டாய்க்குப் பக்கத்தில் டம்ளரில் நிற்பதில்லை. என் மகனுக்கு 15 வயது, அப்படி ஒரு டம்ளரை அவன் பார்த்ததே இல்லை.


ஜகரண்டா | 11 ஜூன், இரவு 9.15

தாதி அம்மா, உங்களை வருத்தும் எண்ணம் இல்லை, என் சொல் கடுமையாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. ஆய்வு, ஆய்வு என்கிறீர்கள். அவற்றுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? புளூம்பெர்க் போன்ற பெரும் அறக்கட்டளைகள் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் பணம் தருகின்றன. சிகரெட் நிறுவனப் பணம் என்றால் மட்டும் ஏன் கதவை மூடுகிறீர்கள்? புகையிலை உடன்படிக்கையை உருவாக்கியதில் முன்னின்ற நம் நாட்டு டாக்டர் டெரெக் யாக்கே பிறகு அந்தப் பக்கத்துப் பணத்தை ஏற்றுக்கொண்டாரே. அவர் சொல்வதையும் கேட்க வேண்டாமா?


வரிக்கணக்கு | 12 ஜூன், காலை 7.20

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

டெரெக் யாக் இங்கே மருத்துவ ஆய்வு மன்றத்தில் இருந்தவர், உலக சுகாதார நிறுவனத்தில் அந்த உடன்படிக்கைக்காக உழைத்தவர். 2017இல் புகையற்ற உலகுக்கான அறக்கட்டளையைத் தொடங்கினார். ஃபிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் ஆண்டுக்கு சுமார் 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகள் தருவதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் உடனே, நாங்கள் சேர மாட்டோம், அரசுகளும் சேர வேண்டாம் என்றது. அவர் தரப்பு வாதம் எளிது: கோடிக்கணக்கானோர் இன்னும் புகைக்கிறார்கள், அவர்களைக் குறைவான தீங்குள்ள பொருளுக்கு நகர்த்துவோம். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. எரியாத நிகோடின் எரியும் புகையிலையை விடத் தீங்கு குறைந்தது என்பதை எதிர்த்தரப்பு ஆய்வாளர்களிலும் பலர் ஏற்கிறார்கள்.

ஆனால் பணத்தை ஏற்பதில் நமக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1998இல் சிகரெட் நிறுவனங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்த ஒப்பந்தத்தின் பின் அவற்றின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதினார். தீங்கு தெரிந்தே பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றினார்கள், அதற்கு ஆய்வையே கருவியாக்கினார்கள் என்பது அதன் சாரம். அறக்கட்டளைக்கும் கொள்கைச் சாய்வு இருக்கலாம். அதற்குச் சிகரெட் விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டை என்னால் கடந்துபோக முடியவில்லை.

நம் ஊர்க் கணக்கிலும் இதுதான் நடக்கிறது. கள்ளச் சிகரெட் எவ்வளவு என்று நிறுவனங்கள் பணம் கொடுத்து எடுத்த கணிப்பு ஒன்று, பல்கலைக்கழகக் கணிப்பு ஒன்று. ஒரு காலத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. அண்மை ஆண்டுகளில் பல்கலைக்கழகக் கணக்கே சந்தையில் பாதிக்கு மேல் என்று வந்துவிட்டது. தனக்குச் சாதகமில்லாத எண்ணையும் வெளியிட்ட ஆய்வுக்கு என்னிடம் மதிப்பு கூடுகிறது.


டீரூம் மகள் | 12 ஜூன், இரவு 8.50

மூன்று நாளாக எல்லாவற்றையும் படித்தேன். 2021இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தோரில் 29.4 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள், ஆண்களில் 41.7 சதவீதம். பத்து ஆண்களில் நான்கு பேர். சாட்ஸ்வர்த்தில் எத்தனை, ஃபீனிக்ஸில் எத்தனை, எங்கள் கடைகளில் என்ன விலை என்று அது எனக்குச் சொல்லாது. சுகாதாரக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். அப்பாவின் நாற்காலியைப் பற்றி எழுதலாம், அழுது எழுதலாம். கூடவே எங்கள் தெருவின் எண்களையும் வைக்க விரும்புகிறேன். வரிக்கணக்கு ஐயா, நம்மைப் போன்றவர்கள் இதைச் சரியாகச் செய்ய முடியுமா?


வரிக்கணக்கு | 12 ஜூன், இரவு 10.30

முடியும், கவனத்தோடு செய்தால். உங்களுக்குத் தோன்றும் கடைக்குப் போகாதீர்கள். தெரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் சிகரெட் விற்கும் எல்லா இடத்தையும் எழுதுங்கள், வேனையும் ஸ்பாசாவையும் (வீட்டோடு சேர்ந்த சிறு கடை) சேர்த்து. ஒரே நாளில் செய்யுங்கள். இரண்டே கேள்வி: 20 உள்ள பெட்டியில் மிகக் குறைந்த விலை என்ன, ஒற்றை விற்கிறீர்களா, என்ன விலை. கடையின் பெயரை எழுத வேண்டாம். யாரையும் காட்டிக்கொடுக்க நாம் போகவில்லை. ஒற்றை விற்காத கடையையும் கட்டாயம் எழுதுங்கள், அதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பத்துத் தெரு கிடைத்தாலும் அது டர்பனின் கணக்கு ஆகாது, அந்தப் பத்துத் தெருவின் கணக்குத்தான். கடிதத்திலும் அப்படியே எழுத வேண்டும்.


ஜகரண்டா | 13 ஜூன், காலை 8.00

மசோதாவை நான் இன்னும் எதிர்க்கிறேன். ஆனால் பிரிட்டோரியாவின் லோடியத்தில் என் அக்கா வீடு இருக்கிறது. அந்தத் தெருவை நான் எடுத்துக்கொள்கிறேன்.


ஃபீனிக்ஸ் கடைக்காரர் | 13 ஜூன், இரவு 9.55

நான்கு நாளாக எழுதவில்லை. எனக்கு 51 வயது, தாதி அம்மா.

எங்கள் தெருவில் ஆறு இடங்களில் விற்கிறார்கள், வேனோடு சேர்த்து ஏழு. மற்றவர்களிடம் நான் போய்க் கேட்டால் சண்டை வரும், அதனால் வேறு யாராவது ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் கடையை நானே எழுதிவிடுகிறேன். மிகக் குறைந்த பெட்டி 18 ராண்ட். ஒற்றை விற்கிறேன், ஒரு ராண்ட். டம்ளர் இல்லை, பிளாஸ்டிக் டப்பா. மிட்டாய்ப் புட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்று மாலை அதை எடுத்துக் கீழே வைத்தேன்.